பத்மநாபபுரம் அரண்மனை: காண்போரும் காணாதனவும்

   

அரண்மனை ஒன்றைக் காண்பது இந்நாளில் எளிய செயல். நுழைவுச் சீட்டு வாங்கியவர் எவரும் உள்ளே செல்லலாம். குலமும் குடியும் கேட்பார் இல்லை. எதற்கு வந்தீர் என வினவுவாரும் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கு அருகே அமைந்துள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்கு வருவோர், காலணிகளை வாயிலில் விட்டு வெறுங்காலுடன் நுழைகின்றனர். கேரளத்தவர், தமிழ்நாட்டவர், குமரிமுனைக்குச் செல்லும் வழியில் இறங்கிய வடநாட்டவர், அயல்நாட்டவர் எனப் பலரும் வரிசையாக நடந்து, அறை அறையாகப் பார்த்துவிட்டு வெளியேறுகின்றனர். அவர்கள் எதைக் கண்டனர், எதைக் காணாமல் சென்றனர் என்பதே இவ்வுரையின் பொருள்.

வருவோர் அரசனைத் தேடி வருகின்றனர். அரண்மனையோ, அரசனைவிடத் தன்னைக் கட்டியவரையும், தன்னுள் பணி செய்தவரையும், தன் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவரையும் பற்றியே மிகுதியாகப் பேசுகிறது. அப்பேச்சைக் கேட்க வழிகாட்டியின் விளக்கம் மட்டும் போதாது; இலக்கியம் பயின்ற செவியும் வேண்டும்.

ஆற்றுப்படையும் அரண்மனைப் பயணமும்

அரண்மனைப் பயணம் தமிழ் இலக்கியத்திற்குப் புதியதன்று. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். அவற்றுள் திருமுருகாற்றுப்படை நீங்கலாக ஏனைய நான்கும் வள்ளலின் இருப்பிடத்திற்குக் கலைஞனை வழிப்படுத்துவன. எவ்வழி செல்ல வேண்டும், எந்நிலத்தில் எவர் உணவளிப்பர், வாயிலை அடைந்ததும் என்ன நிகழும் என்பன எல்லாம் அவற்றில் முறையாகக் கூறப்படுகின்றன. அந்நாளைய பயணி பசியோடு சென்றான், பரிசிலோடு மீண்டான். அரண்மனையின் பெருமை அதன் உயரத்தால் அளக்கப்படவில்லை. அங்குச் சென்றவன் எந்நிலையில் திரும்பினான் என்பதால் அளக்கப்பட்டது.

இவ்விலக்கியங்களில் வாயில் பற்றிய குறிப்பு நுட்பமானது. பொருநராற்றுப்படையில் கரிகாலனின் வாயிலுள் பொருநன் தடையின்றிப் புகுகிறான். சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடனின் வாயில் பொருநர்க்கும் புலவர்க்கும் அந்தணர்க்கும் அடையாத வாயில் எனப் போற்றப்படுகிறது. போற்றும்போதே, பிறர் புகுதற்கு அது அரியது என்பதையும் புலவர் சேர்த்தே சொல்கிறார். அரண்மனை என ஒன்று இருக்குமாயின், உள்ளே செல்லத்தக்கவர் யாவர், செல்லத்தகாதவர் யாவர் என்னும் வரையறையும் உடன் இருக்கும். புகழ்ப்பாட்டிலும் அவ்வுண்மையை மறையாது வைத்த புலவரின் நேர்மையை அரண்மனை காணச் செல்வோர் துணையாகக் கொள்ளுதல் வேண்டும்.

கல்குளம் பத்மநாபபுரம் ஆனது

வேளிமலையின் அடியில், கருங்கல் மதில் சூழ்ந்த கோட்டைக்குள் இவ்வரண்மனை அமைந்துள்ளது. ஊரின் பழம்பெயர் கல்குளம். வேணாட்டு அரசர்களின் இருப்பிடமாக இருந்து, பின்னர்த் திருவிதாங்கூரின் தலைநகராகியது. வளாகத்தின் மிகப் பழைய பகுதி தாய்க்கொட்டாரம். நடுவே திறந்த முற்றமும் நாற்புறமும் தாழ்வாரமும் கொண்ட நாலுகெட்டு அமைப்பினது அது. 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்டவர்மர் காலத்தில் கோட்டையும் அரண்மனையும் விரிவடைந்தன.

1741-ஆம் ஆண்டு குளச்சலில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை தோல்வியுற்றது. சிறைப்பட்ட டிலெனாய் என்னும் படைத்தலைவர் பின்னர்த் திருவிதாங்கூரின் படையையே பயிற்றுவிக்கும் பொறுப்பேற்றார். 1777-இல் மறைந்த அவருடைய கல்லறை அருகிலுள்ள உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. அதில் இலத்தீன் எழுத்துடன் தமிழ் எழுத்தும் பொறிக்கப்பட்டுள்ளது. 1750-ஆம் ஆண்டு மார்த்தாண்டவர்மர் தம் நாட்டைத் திருவனந்தபுரத்துப் பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணித்து, இறைவனின் அடியவராக, பத்மநாபதாசர் என்னும் பெயருடன் ஆட்சி செய்தார். இந்த இறைவன் பெயரால் அமைந்ததே பத்மநாபபுரம் என்னும் ஊர்ப்பெயர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், கார்த்திகைத் திருநாள் இராமவர்மர் காலத்தில், தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறியது. அரசு நீங்கியது, அரண்மனை நின்றது.

எண்ணிக்கையின் மயக்கம்

அரண்மனைக்குள் நுழைந்த பயணிக்கு முதலில் கிடைப்பன எண்கள். பூமுகத்தின் மேற்கூரையில் 90 மரப்பூக்கள். ஒன்று போல் மற்றொன்று இல்லை என்பர். ஊட்டுப்புரையில் தளத்திற்கு 1,000 பேராக இரு தளங்களிலும் 2,000 பேர் உண்ணலாம் என்பர். அரசனின் கட்டில் 64 வகை மூலிகை மரங்களால் ஆனது என்பர். முற்றத்திலுள்ள உருண்டைக் கல்லைக் காட்டி, படையில் சேர விரும்பியவன் அதனை நூறு முறைக்கு மேல் தூக்க வேண்டியிருந்தது என்பர். பயணி ஒவ்வோர் எண்ணையும் கேட்டு வியந்து அடுத்த அறைக்கு நகர்கிறார். வியப்பு முடிந்த இடத்தில் பார்வையும் முடிந்துவிடுகிறது.

இவ்விளக்கங்களைப் பழிப்பது நோக்கமன்று. நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர்க்கு ஒரே செய்தியை, வந்தவரின் மொழிக்கு ஏற்பத் தமிழிலும் மலையாளத்திலும் சொல்ல வேண்டிய பணியாளர்க்கு எண் கைகொடுக்கிறது. ஆயினும், 90 பூக்கள் எனக் கேட்டவர் அண்ணாந்து ஒரு பூவையேனும் நின்று நோக்குகிறாரா என்பது வினாவாகும். ஒரு பூவின் இதழ் விரிந்திருக்க, அடுத்ததன் இதழ் மடிந்திருக்கும். தச்சன் ஒரே அச்சில் 90 பூக்களைச் செதுக்கியிருக்கலாம். எவரும் குறை கூறியிருக்கமாட்டார். அவன் அவ்வாறு செய்யவில்லை. அதனை உணர்வதற்கு எண் உதவாது; நின்று பார்த்தலே உதவும்.

அண்மைக் காலத்தில் வேறொரு மயக்கமும் சேர்ந்துள்ளது. 1993-இல் வெளிவந்த மணிச்சித்திரத்தாழ் என்னும் மலையாளத் திரைப்படத்தின் சில காட்சிகள் இங்குப் படமாக்கப்பட்டன. அப்படத்தை அறிந்தவர்கள் நாட்டியக்காரி நாகவல்லியின் அறை எதுவெனத் தேடுகின்றனர். நாகவல்லி கற்பனைப் பாத்திரம். நவராத்திரி மண்டபத்தின் ஒரு பக்கத்தில் மரச்சட்டத் தடுப்பு ஒன்று உண்டு. அரச குடும்பத்துப் பெண்டிர் தாம் பிறர் கண்ணில் படாமல் ஆடல் பாடல்களைக் கண்ட இடம் அது. கற்பனைப் பெண்ணின் அறையைத் தேடும் கண்கள், உண்மைப் பெண்கள் அமர்ந்திருந்த இருட்டைக் கடந்து செல்கின்றன.

மரம் கற்பிக்கும் அடக்கம்

அரண்மனை என்றதும் பொன்னும் பளிங்கும் எதிர்பார்த்து வருவோர் இங்குச் சற்று ஏமாற்றம் கொள்வதுண்டு. மதுரையில் திருமலை நாயக்கர் மகாலின் பருத்த தூண்களைக் கண்டவர்க்கு இவ்வரண்மனை முதற்பார்வையில் பெரிய வீடொன்றைப் போலத் தோன்றும். ஓட்டுக்கூரை, தாழ்ந்த வாயில், குறுகிய படிக்கட்டு, குனிந்து ஏற வேண்டிய மாடம். அரசனும் இவ்வாயில்களில் குனிந்தே சென்றிருக்க வேண்டும்.

இவ்வமைப்பு வறுமையால் வந்ததன்று; மண்ணை அறிந்ததால் வந்தது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும் நாடு இது. கூரை செங்குத்தாகச் சரிந்து நீரை விரைந்து வடிக்கிறது. இறவானம் நீண்டு தாழ்ந்து சுவரைச் சாரலிலிருந்து காக்கிறது. நடுமுற்றம் வெளிச்சத்தையும் காற்றையும் உள்ளே கொணர்ந்து, மழைநீரையும் ஏற்று வெளியேற்றுகிறது. சாய்த்துப் பதித்த மரச்சட்டங்களால் ஆன சாளரங்கள் வெயிலைத் தடுத்துக் காற்றை விடுகின்றன. உள்ளிருப்பவர் வெளியே காணவும், வெளியிலிருப்பவர் உள்ளே காணாதிருக்கவும் அவை துணைபுரிகின்றன. வெயில் கொளுத்தும் நண்பகலிலும் மந்திரசாலையில் குளிர்ச்சி நிலவுகிறது. சாளரங்களில் பதித்த வண்ண அபிரகத் தகடுகள் ஒளியை மென்மையாக்கி அனுப்புகின்றன.

தரையும் கவனிக்கத்தக்கது. கண்ணாடிபோல் மின்னும் அக்கருந்தரை சுண்ணாம்பு, சுட்ட தேங்காய்ச் சிரட்டைக் கரி, முட்டை வெண்கரு முதலியவற்றால் ஆனது என்பர். எரித்தபின் எஞ்சும் சிரட்டைக் கரியே அரசன் அமர்ந்த அவையின் தரையாயிற்று. விலையுயர்ந்த பொருளைத் தேடாமல், ஊரில் கிடைத்த பொருளை உழைப்பால் உயர்த்திய இக்கட்டடக் கலை, எளிய சொல்லைக் கொண்டு அரிய கவிதை செய்யும் முறைக்கு மிக நெருங்கியது. அணிகளை அடுக்கிக் கவிதையைப் பெரிதாக்க விழைவோர் இங்கு ஒரு நாள் வந்து தங்குதல் தகும்.

தச்சனும் புலவரும்

இக்கருந்தரையை மெழுகியவர் பெயர் என்ன? பூமுகத்தின் மரப்பூக்களைச் செதுக்கியவர் யார்? தாய்க்கொட்டாரத்தில் பலாமரத்தில் நுணுக்கமாகக் கடையப்பட்ட தூண் நிற்கிறது. அதில் கை வைத்த ஆசாரியின் பெயர் காண்போர்க்குச் சொல்லப்படுவதில்லை. விளக்க உரையில் அரசர்களின் பெயர்களே திரும்பத் திரும்ப வருகின்றன. மார்த்தாண்டவர்மர் கட்டினார் என்பது வழக்கு. கட்டுவித்தவரைக் கட்டியவர் என்று கூறும் இவ்வழக்கு உலகெங்கும் உள்ளது. தன்வினைக்கும் பிறவினைக்கும் இலக்கணம் வகுத்த மொழியைப் பேசுவோராவது இவ்வேறுபாட்டை மறவாதிருத்தல் வேண்டும்.

இவ்விடத்தில் நெடுநல்வாடை நினைவிற்கு வருதல் இயல்பு. நக்கீரர் பாடிய 188 அடிகளைக் கொண்ட அப்பாட்டில், பாண்டியன் அரண்மனை எவ்வாறு எழுந்தது என்னும் செய்தி விளக்கமாக இடம்பெறுகிறது. நிழல் சாயாத நண்பகற் பொழுதில் திசையறிந்து, கயிறிட்டு அளந்து, மனை வகுத்தோரை அப்பாட்டு காட்டுகிறது. கட்டட நூலறிந்த அவர்களைப் புலவர் என்னும் சொல்லாலேயே நக்கீரர் குறிக்கிறார். அளவுக்கயிறு பிடித்தவனுக்கும் யாப்பறிந்து பாட்டெழுதியவனுக்கும் ஒரே பெயர். நூல் என்னும் சொல்லும் இருவர்க்கும் பொது: ஒருவர் கையில் அது கயிறு, மற்றவர் கையில் சுவடி.

அரசனைப் பாட வந்த நக்கீரர், அரண்மனையை அளந்தவரையும் பாட்டுக்குள் வைத்தார். பெயர் தெரியாவிட்டாலும் தொழில் பதிவாயிற்று. பத்மநாபபுரத்துத் தச்சர்களுக்கு அந்நக்கீரர் இனித்தான் வரவேண்டும். பழங்கட்டடங்களின் தூணிலும் சுவரிலும் தம் பெயரைக் கீறிவிட்டுச் செல்லும் பயணியர் பலர் உளர். ஆண்டுக்கணக்கில் உழைத்தவர் பெயர் விடாது சென்ற மரத்தில், ஒரு நாழிகை நின்றவர் தம் பெயரைப் பொறிப்பதன் சிறுமையை எடுத்துரைக்க எச்சரிக்கைப் பலகை போதாது. ஒரு நல்ல கவிதை போதும்.

மூன்று கட்டில்கள்

அரண்மனையின் உள்ளமைந்த பொருள்களில் பயணியரை மிகவும் ஈர்ப்பது கட்டில். உப்பரிகை மாளிகை நான்கு நிலைகளை உடையது. அடித்தளம் கருவூலம். அதற்கு மேல் அரசனின் பள்ளியறை. மூலிகை மரக்கட்டில் அங்கு உள்ளது. டச்சுக்காரர் அளித்த பரிசு என அதனைக் கூறுவர். உச்சி மாடம் பத்மநாபசுவாமிக்கு உரியதாக ஒதுக்கப்பட்டது. அதன் சுவர் முழுதும் ஓவியங்கள். அவற்றின் பாதுகாப்புக் கருதிப் பொதுப் பார்வையாளர் பொதுவாக அங்கு அனுமதிக்கப்படுவதில்லை. அடியில் பொருள், நடுவில் அரசன், உச்சியில் இறைவன் என அமைந்த அம்மாளிகை, 1750-இல் செய்த அர்ப்பணத்தையே மரத்தில் எழுதிவைத்தாற் போன்றது.

தமிழ் இலக்கியம் அறிந்தவர்க்கு அக்கட்டில் அருகே வேறிரண்டு கட்டில்கள் தோன்றும். ஒன்று, நெடுநல்வாடையின் தந்தக் கட்டில். கணவனைப் பிரிந்த அரசி அதில் கிடக்கிறாள். மேற்கட்டியில் தீட்டிய ஓவியத்தில் திங்களோடு உரோகிணி சேர்ந்திருப்பதைக் கண்டு பெருமூச்செறிகிறாள். அரசனோ நள்ளிரவில் பாசறையில் புண்பட்ட வீரரைக் காணச் சுற்றிவருகிறான். அரண்மனையின் மிகச் சிறந்த பொருள் வெறுமையைக் காட்டும் பொருளாகிவிட்டது.

மற்றொன்று, புறநானூற்றில் வரும் முரசு கட்டில். தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் அரண்மனைக்கு வந்த மோசிகீரனார், களைப்பால் முரசுக்குரிய கட்டில் என அறியாது ஏறி உறங்கிவிட்டார். அதற்குத் தண்டனை வாளால் இறத்தல். சேரனோ, வெட்டுவதை விடுத்து, புலவர் விழிக்கும்வரை நின்று கவரி வீசினான். திருவிதாங்கூர் அரச மரபு சேரர் வழியினதாகத் தன்னைக் கூறிக்கொண்டது. ஆகவே பத்மநாபபுரத்தில் இக்கட்டிலை நினைப்பது பொருந்தும். தொடக்கூடாத கட்டிலில் கயிறு கட்டிப் பயணியரை விலக்கி வைத்திருக்கும் இக்காலத்தில், விலக்கப்பட்ட கட்டிலில் அறியாது உறங்கிய புலவரும், வாளை விடுத்துக் கவரி எடுத்த அரசனும் அரண்மனை வரலாற்றின் அரிய பயணியும் அரிய புரவலனுமாக நிற்கின்றனர்.

மூன்றாவதாகிய மூலிகைக் கட்டில் என்ன சொல்கிறது? உறங்கும்போதும் மருந்தை நாடிய ஓர் உடலைப் பற்றிச் சொல்கிறது. நாட்டை வென்று, பகைவரை அடக்கி, அனைத்தையும் இறைவனுக்கு அளித்த பின்னும் நோயும் முதுமையும் அஞ்சத்தக்கனவாகவே இருந்தன. 64 என்னும் எண்ணைக் கேட்டு வியப்பவர், அவ்வெண்ணுக்குள் இருக்கும் அச்சத்தையும் கேட்பாராயின், அரசன் அவர்க்கு மனிதனாகத் தோன்றுவான்.

வாயிலுக்கு வெளியே நின்றோர்

ஊட்டுப்புரையின் நீண்ட கூடம் இன்று வெறுமையாக உள்ளது. ஊறுகாய் வைத்த பெரிய சீன ஜாடிகள் காட்சிக்கு இருக்கின்றன. அத்தனை பேர்க்கு உணவளித்த அறம் பெரிது என எவரும் மகிழ்வர். ஆனால் எவர்க்கு என்னும் வினா எழ வேண்டும். திருவிதாங்கூரின் ஊட்டுப்புரைகள் பிராமணர்க்கு உணவளிக்க அமைந்தவை. அச்சோற்றுக்குரிய நெல்லை விளைவித்தவர் அக்கூடத்தில் அமர்ந்து உண்டவர் அல்லர்.

சுற்றியுள்ள வயல்களில் அடிமைகளாக உழைத்தோர் இருந்தனர்; திருவிதாங்கூரில் அடிமை முறை முற்றாக ஒழிக்கப்பட்டது 1855-இல்தான். கூலியின்றி அரசுக்கு உழைக்கும் ஊழியமும், தாழ்த்தி வைக்கப்பட்ட குடிகள்மேல் சுமத்திய பல்வகை வரிகளும் நிலவின. கல்குளத்தைச் சூழ்ந்த இப்பகுதிகளில் 1822 முதல் நாடார் பெண்டிர் தோளை மறைத்துச் சீலை அணியும் உரிமைக்காகப் போராடினர். சந்தையிலும் தெருவிலும் தாக்கப்பட்டனர். 1859-ஆம் ஆண்டு அரச ஆணை அவ்வுரிமையை வரம்புடன் வழங்கியது. அக்காலத்தில் தலைநகர் இங்கிருந்து நீங்கிவிட்டது உண்மையே. ஆயினும் ஆட்சி அதே ஆட்சி. வழக்கம் அதே வழக்கம். கோவில் நுழைவு உரிமை அனைத்து இந்துக்களுக்கும் 1936-இல்தான் கிட்டியது.

இதே மாவட்டத்தின் சாமித்தோப்பில் வாழ்ந்த ஐயா வைகுண்டர் 1809 முதல் 1851 வரையிலான தம் வாழ்நாளில் இவ்வடக்குமுறையை எதிர்த்தார். அதற்காகத் திருவிதாங்கூர் அரசால் சிறையிலிடப்பட்டார். தலைப்பாகை கட்டும் உரிமை மறுக்கப்பட்டவர்களை, தலைப்பாகையுடன் வந்து வழிபடச் செய்தார். அவர் வழிவந்த பதிகளில் வழிபடுவோர் முன் நிற்பது கண்ணாடி. அதில் தோன்றுவது அவரவர் முகம். உப்பரிகையின் உச்சி மாடத்தில் இறைவன் அரசனுக்கு மேலே இருந்தான். சாமித்தோப்பில் அவன் அடித்தட்டு மனிதனின் முகத்தில் இருந்தான். இவ்விரண்டு இடங்களையும் ஒருசேரக் காணாதவர் பழைய திருவிதாங்கூரை முழுமையாகக் கண்டவர் ஆகார்.

இன்று நுழைவுச் சீட்டுடன் வரும் கூட்டத்தில், அன்று வாயிலை நெருங்க முடியாதிருந்தோரின் பேரப்பிள்ளைகளும் உளர். பள்ளிச் சுற்றுலாவில் வரும் சிறுமி ஒருத்தி, தன் பாட்டியின் பாட்டி நின்றிருக்கவும் இயலாத கூடத்தில் வெறுங்காலால் நடக்கிறாள். அவளுக்கு அது தெரியாது, சொல்வாரும் இல்லை. பூக்களின் எண்ணிக்கையை அவள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறாள். அரண்மனையில் நிகழும் மிகப் பெரிய வரலாற்று நிகழ்ச்சி அவளுடைய வருகைதான். அதனை அவளுக்கு உணர்த்துவது யார் கடன்?

எல்லையும் கலைமகளும்

1956 நவம்பர் 1 அன்று அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. அதற்கு முன்னர் 1954 ஆகஸ்டு 11 அன்று நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் தமிழர் உயிரிழந்தனர். மண் தமிழகத்தோடு சேர்ந்தது. அரண்மனையின் பராமரிப்போ கேரள அரசின் தொல்லியல் துறையிடம் தொடர்ந்தது. தமிழ்நாட்டில் நிற்கும் அரண்மனையைக் கேரளம் காத்து வருகிறது. இதனைக் குறையாகக் காண்போர் உண்டு. தமிழும் மலையாளமும் அருகருகே வாழ்ந்த ஒரு நாட்டின் எஞ்சிய நினைவாகக் காண்பதே சிறப்பு. முற்றம், தாழ்வாரம், உத்தரம், கழுக்கோல் எனத் தச்சர் சொல்லும் சொற்கள் இரு மொழிக்கும் உறவுடையன. எல்லைக்கோடு வரைந்தோர் அச்சொற்களைப் பங்கிட முடியவில்லை.

ஆண்டுதோறும் நவராத்திரியை முன்னிட்டு இவ்வரண்மனையிலிருந்து தேவாரக்கெட்டு சரசுவதி திருவனந்தபுரம் எழுந்தருள்கிறாள். வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் உடன் செல்கின்றனர். புறப்படுமுன் உப்பரிகை மாளிகையில் அரச உடைவாள் கைமாற்றப்படுகிறது. இரு மாநிலக் காவல் துறையினரும் அணிவகுத்து மதிப்பளிக்கின்றனர். அச்சரசுவதி கம்பர் வழிபட்ட திருமேனி என்பதும், அவர் அதனைச் சேர மன்னரிடம் ஒப்படைத்தார் என்பதும் வழிவழி வந்த செவிவழிச் செய்தி. அதனை வரலாறு எனக் கொள்ளவேண்டுவதில்லை. ஆயினும், ஓர் அரண்மனையின் மிகப் போற்றப்படும் செல்வம் ஒரு தமிழ்ப் புலவனிடமிருந்து வந்தது என்று மக்கள் தலைமுறை தலைமுறையாக நம்பியுள்ளனர். படையும் பொருளும் சென்றுவிட்ட பின்னரும், புலவனின் கலைமகள் ஆண்டுதோறும் எல்லையைக் கடந்து சென்று திரும்புகிறாள்.

கவிஞர்க்குரிய கடன்

எனவே, அரண்மனை காணச் செல்வோர் ஒவ்வோர் அறையிலும் மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று. இதனைச் செய்த கை எவருடையது? இங்குப் பணி செய்து நின்றவர் எவர்? இதனுள் வர இயலாதிருந்தவர் எவர்? இவ்வினாக்கள் அரண்மனையின் அழகைக் குறைக்கமாட்டா. பூமுகத்தின் மரப்பூ அதனைச் செதுக்கிய தச்சனை நினைத்துப் பார்க்கும்போது முன்னினும் அழகாகவே தோன்றும். ஊட்டுப்புரையின் நீளம், அதில் அமராதவரையும் எண்ணிப் பார்க்கும்போது முன்னினும் நீளமாகவே தோன்றும்.

ஆவணங்களைத் தேடி அவ்வினாக்களுக்கு விடை காண்பது வரலாற்றாசிரியர் பணி. ஆவணம் வாய் திறவாத இடங்களும் பல. அங்குக் கவிஞர்க்குப் பணி உண்டு. பொய்யாக ஒரு பெயரைப் படைத்து வைப்பது அப்பணியன்று. நக்கீரர் செய்ததுபோல், பெயரறியா உழைப்பைப் பாட்டில் நிறுத்துவதே அது. முழக்கோல், உளி, இழைப்புளி, உத்தரம், கழுக்கோல் என்னும் சொற்களைத் தச்சர் வாயிலிருந்து கேட்டுப் பதிவு செய்வதும் அப்பணியின் பகுதியே. காங்கிரீட்டு வீடுகள் பெருகியபின், அச்சொற்கள் கைவினைஞரின் முதுமையோடு மறைந்துவருகின்றன. மரத்தைக் காக்கத் தொல்லியல் துறை உண்டு. மரத்தின் சொல்லைக் காக்க இலக்கிய வட்டங்களை விட்டால் வேறு துறை இல்லை.

பழைய ஆற்றுப்படை பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழி கூறியது. புதிய ஆற்றுப்படை ஒன்று இன்று தேவைப்படுகிறது. அரண்மனையைக் கண்டு உணர்ந்தவர், காணச் செல்பவர்க்கு எங்கே நிற்க வேண்டும், எங்கே அண்ணாந்து பார்க்க வேண்டும், எங்கே சற்று மௌனமாக இருக்க வேண்டும் என்று கூறும் ஆற்றுப்படை அது. பள்ளிச் சுற்றுலாவில் வரும் சிறுமிக்குப் புரியும் தமிழில் அதனை எழுதித் தருவது பெரும்பணி. பத்தாண்டுக் காலம் தமிழ்க் கவிதையைப் பேணிய இவ்வட்டத்தின் கவிஞர்கள், வரும் பத்தாண்டில் அப்பணியையும் மேற்கொள்வார்களாக.